‘ஒரு வருஷ ஃபெலோஷிப்பில் புதிதாக என்ன கற்றுவிடப் போகிறேன்?’

கேள்வி: எம்.டி. பேத்தாலஜி (திசுவைப் பார்த்து நோய் கண்டறியும் துறை) முடித்து இரண்டு வருடம் ஆகிறது. தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதில் மகள் இருக்கிறாள். யூட்ரஸ், ஓவரி, மார்பகம், பிளசென்டா (நஞ்சுக்கொடி) என்று பெண்கள் சம்பந்தப்பட்ட ஸ்பெசிமன் வந்தால் எனக்குத் தனி ஆர்வம். அதிலேயே ஃபெலோஷிப் என்கிற ஒரு வருடக் கூடுதல் பயிற்சி செய்ய ஆசை. ‘ஊரில் லேப் வைத்தால் நாலு காசு பார்க்கலாம், இதெல்லாம் எதற்கு’ என்கிறார் கணவர். தோழி அமெரிக்கா போ என்கிறாள். எங்கள் எச்.ஓ.டி. மும்பையே போதும் என்கிறார். ஒரு வருடத்தில் புதிதாக என்ன கற்றுவிடப் போகிறேன் என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் மும்பையா அமெரிக்காவா என்பது பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

நான் எம்.டி. முடித்த முதல் வருடம். 28 வயதுப் பெண் ஒருவரின் டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டி எடுத்த திசு) வந்தது. கூட வந்த தாளில் ‘ஏ.யூ.பி.’ (இயல்புக்கு மாறான கருப்பை ரத்தப்போக்கு) என்று மூன்றே எழுத்து. ஸ்லைடை வைத்துப் பார்த்தால் சுரப்பிகளின் செல்களில் பெரிய பெரிய உட்கருக்கள், மை கொட்டினாற்போல் கறுப்பு. ஆணித்தலை மாதிரி உள்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் வெளுத்த சைட்டோபிளாசம். கிளியர் செல் கார்சினோமா என்று பென்சிலில் எழுதிக்கொண்டு எங்கள் சீனியர் மேடத்திடம் ஓடினேன். அவர் ஸ்லைடைத் தொடவே இல்லை. “அந்தப் பொண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கா? பீட்டா எச்.சி.ஜி. போட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வார்டுக்குப் போன் போட்டேன். யாரும் அந்தக் கர்ப்பப் பரிசோதனையைப் போடவில்லை. அன்று மாலை போட்டார்கள், பாசிட்டிவ். ஸ்கேனில் வலது கருக்குழாயில் கரு. நான் புற்றுநோய் என்று பார்த்தது அரியாஸ்-ஸ்டெல்லா மாற்றம். கர்ப்ப ஹார்மோன் பட்டால் கருப்பையின் உள்சவ்வு இப்படியும் ஆகும் என்று பெரு நாட்டு பேத்தாலஜிஸ்ட் ஹாவியர் அரியாஸ்-ஸ்டெல்லா 1954-லேயே எழுதிவைத்துவிட்டார். பரீட்சையில் அதைப் பற்றி நாலு வரி எழுதி மார்க்கும் வாங்கியவள்தான் நான்! சுரண்டி எடுத்த திசுவில் அந்த மாற்றம் இருந்து, கோரியானிக் வில்லை (நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நுண் இழை) கண்ணில் படவில்லை என்றால், கர்ப்பம் வேறெங்காவது உட்கார்ந்திருக்கலாம். கைனகாலஜிஸ்ட்டை உடனே கூப்பிட வேண்டும். என் பென்சில் எழுத்து ரிப்போர்ட்டாகப் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இல்லாத கேன்சருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பார்கள். அதற்குள் குழாய் வெடித்திருக்கும்.

ஃபெலோஷிப்பில் கிடைப்பது பெரும்பாலும் அந்த மேடத்தின் கேள்விதான். புத்தகத்தில் உள்ளது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த ஸ்லைடைப் பார்த்தால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும், ரிப்போர்ட்டைப் படிக்கிற கைனகாலஜிஸ்ட் அடுத்து கத்தியை எடுப்பாரா மாத்திரை எழுதுவாரா என்பது ஒரே வகை ஸ்பெசிமனை நாள் முழுக்க, மாதக்கணக்கில் பார்த்தால்தான் கைக்கு வரும். ஒரு கோலன், ஒரு தைராய்டு, ஒரு யூட்ரஸ், நடுவில் எலும்பு மஜ்ஜை என்று ஓடும் நம் மேஜையில் அது வருவதற்குப் பத்து வருடம் ஆகும். எனக்கு ஆனது.

அப்புறம், இந்தத் துறை நாம் படித்த காலத்தில் இருந்த இடத்தில் இப்போது இல்லை. கருப்பை உள்சவ்வுப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு என்ன, தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, இரண்டும் எழுதினால் அன்றைக்கு வேலை முடிந்தது. 2013-இல் அமெரிக்காவின் கேன்சர் ஜீனோம் அட்லஸ் ஆய்வு இதை மரபணு வழியாக நான்காகப் பிரித்தது. 2023-இல் உலக மகளிர் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ தன் ஸ்டேஜிங்கிலேயே அதைச் சேர்த்துவிட்டது. ஆரம்ப நிலைக் கட்டியில் ‘போலி’ (POLE) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஸ்டேஜ் கீழே இறங்குகிறது. கட்டி வளராமல் காக்கும் பி53 கெட்டுப்போய், கட்டி தசைக்குள்ளும் நுழைந்திருந்தால், கருப்பையைத் தாண்டாவிட்டாலும் இரண்டாம் ஸ்டேஜுக்கு ஏறுகிறது. முன்பெல்லாம் ஸ்டேஜ் என்பது சர்ஜன் வயிற்றுக்குள் பார்த்ததும் நாம் அளந்ததும். இப்போது நீங்கள் போடும் இம்யூனோ ஸ்டெயினும் (குறிப்பிட்ட புரதத்தை நிறமேற்றிக் காட்டும் சோதனை) அதில் ஒரு பகுதி. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நாலு புரதங்களில் எம்.எஸ்.எச்.2-வும் 6-வும் சேர்ந்து காணாமல் போயிருந்தால், அந்தப் பெண்ணின் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும்கூட, பரம்பரையாகப் புற்றுநோயைக் கொண்டுவரும் லிஞ்ச் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) தொடங்கிய விஷயம் ஒரு குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதில் போய் முடிகிறது. இதை ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்தும் கேட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் பி53 ஸ்டெயின் ‘கெட்டது’ என்று எப்போது சொல்வது, சும்மா திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கிறது என்று எப்போது விடுவது என்பதை நூறு ஸ்லைடு பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

கத்தி பிடிப்பதிலும் அப்படித்தான். கருக்குழாயை எப்படி வெட்டுகிறீர்கள்? குறுக்கே மூன்று வட்டம் எடுத்து கேசட்டில் போட்டுவிட்டுப் போவோம், இல்லையா? மார்பக, ஓவரி கேன்சர் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள பெண்ணுக்கு முன்னெச்சரிக்கையாக எடுத்த குழாயை அப்படி வெட்டினால் எடுத்ததற்கே அர்த்தமில்லை. ஓவரி கேன்சர் என்று நாம் சொல்லிவந்ததில் மோசமான வகையான ஹை-கிரேடு சீரஸ் கார்சினோமா, பெரும்பாலும் குழாயின் விரல் விரலாகப் பிரிந்த நுனியில்தான் தொடங்குகிறது. அதனால் அந்த நுனியைக் கடைசி இரண்டு சென்டிமீட்டரோடு தனியாக அறுத்து, நீளவாக்கில் வாழைப்பூ மடல் மாதிரி விரித்துத் துண்டு போட வேண்டும். மீதிக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பிளாக்கில் ஏற்ற வேண்டும். பாஸ்டனில் கிறிஸ்டோஃபர் கிரம் குழுவினர் வகுத்த முறை இது. நான் ஃபெலோஷிப்புக்குப் போன இடத்தில் முதல் வாரம், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி விறைத்த குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை டெக்னீஷியன் அம்மா வந்து, நுனியை மட்டும் ஈரத் துணியில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு பிளேடு ஓட்டிக் காட்டினார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

சரி, எங்கே போவது?

அமெரிக்காவைப் பற்றித் தோழி சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே சைட்டோபேத்தாலஜிக்கு போர்டு சர்டிஃபிகேட் உண்டு, டெர்மடோபேத்தாலஜிக்கு உண்டு. மகளிர் பேத்தாலஜிக்கோ மார்பகத்துக்கோ தனி போர்டு பரீட்சை கிடையாது. ரெசிடென்சி என்ற அங்குள்ள முதுநிலைப் பயிற்சியை முடித்தவர்கள் ஒரு வருடம் கூடுதலாக இருந்து கற்றுக்கொள்வதுதான் ஃபெலோஷிப். பிட்ஸ்பர்க்கின் மேகி-விமன்ஸ், பிராவிடன்ஸின் விமன் அண்ட் இன்ஃபன்ட்ஸ் மாதிரிப் பெண்களுக்கென்றே நடக்கும் மருத்துவமனைகளில் மார்பகத்தையும் கருப்பையையும் சேர்த்தே கற்றுத்தருகிறார்கள். உங்கள் ஆர்வத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் நீங்கள் அங்கே ரெசிடென்சி செய்யாதவர். ஃபெலோஷிப் மட்டும் செய்தால் அமெரிக்க போர்டு பரீட்சைக்கு உட்கார முடியாது. யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வு, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சர்டிஃபிகேட், விசா எல்லாம் தாண்டியும் இந்தக் கதவு திறக்காது. அங்கேயே தங்குவதாக இருந்தால் ரெசிடென்சியிலிருந்து தொடங்குங்கள். நாலு வருடம், அதற்கு மேல் ஃபெலோஷிப். திரும்பி வருவதாக இருந்தால் அவ்வளவு செலவு எதற்கு? ஒரு மாதமோ இரண்டு மாதமோ அப்சர்வராகப் போய் வரலாம். ஆனால் அப்சர்வர் என்றால் பார்வையாளர்தான், கையெழுத்து கிடையாது. அதை ஃபெலோஷிப் என்று பெயர்ப் பலகையில் எழுதிக்கொள்ளாதீர்கள், எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் போனது இங்கிலாந்தின் வட பகுதிக்கு. பிரிட்டிஷ் பேத்தாலஜி தேர்வான எஃப்.ஆர்.சி.பேத். எழுதும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அந்த வழி நேரானது. அங்கே என்னை அசத்தியது முத்துப்பிள்ளை கர்ப்பத்தை (மோல்; நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல் பெருகுவது) கையாளும் விதம். மோல் என்று ரிப்போர்ட் எழுதினால் அந்தப் பெண்ணின் பெயர் லண்டன் சேரிங் கிராஸ், ஷெஃபீல்டு, டண்டீ என்ற மூன்று மையங்களில் ஒன்றில் பதிவாகிவிடும். ஸ்லைடும் அங்கே போகும். அதற்கப்புறம் அவர் மாதக்கணக்கில் தபாலில் சிறுநீர் சாம்பிள் அனுப்பிக்கொண்டிருப்பார், எச்.சி.ஜி. இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. சந்தேகமான வில்லையில் பி57 ஸ்டெயின் போடுவோம். அது தாயின் மரபணுப் பிரதியிலிருந்து மட்டும் வெளிப்படும் புரதம். முழு மோலில் தாயின் உட்கரு மரபணு இல்லவே இல்லை, அதனால் வில்லையின் உட்திசுவும் (ஸ்ட்ரோமா) அதை மூடிய உள்ளடுக்குச் செல்களும் (சைட்டோட்ரோஃபோபிளாஸ்ட்) வெளுத்து நிற்கும், பக்கத்தில் தாயின் திசுவான டெசிட்யூவா நிறம் பிடித்திருக்கும். அந்த ஸ்லைடை முதன்முதலில் பார்த்த அன்று ஊருக்குப் போன் பண்ணி என் பழைய மேடத்திடம் சொன்னேன். “நம்ம கிட்ட அந்த ஆன்டிபாடி இருந்தா…” என்று இழுத்தார். இப்போது என் லேபில் இருக்கிறது.

இந்தியாவில் ‘மகளிர் பேத்தாலஜி’ என்று பெயர் போட்ட ஃபெலோஷிப் அபூர்வம். மும்பையின் டாடா மெமோரியல் மாதிரிப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஆன்கோபேத்தாலஜிக்குள்ளேயே (புற்றுநோய் பேத்தாலஜி) இது வந்துவிடும். சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதினால் டி.எம். ஆன்கோபேத்தாலஜி, மூன்று வருடம். அது முறையான பட்டம், புரமோஷனிலும் பேசும். ஒரு வருட ஃபெலோஷிப் சர்டிஃபிகேட் அப்படிப் பேசாது, கற்றது மட்டும்தான் மிச்சம். உங்கள் எச்.ஓ.டி. சொல்வதில் தப்பில்லை. ஒரு குறை உண்டு. புற்றுநோய் மருத்துவமனையில் பிரசவம் கிடையாது. அதனால் பிளசென்டாவை அங்கே பார்க்க மாட்டீர்கள். கருத்தரிக்காமல் வரும் பெண்ணின் எண்டோமெட்ரியம் பயாப்சியையும் அதிகம் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் ஊருக்கு அது இரண்டும்தான் முக்கியம் என்பது என் கட்சி. நம் ஊரில் பிளசென்டாவை எடைபோட்டுக் குழியில் புதைப்பதோடு சரி. குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தால்கூட லேபுக்கு வருவதில்லை. வந்தாலும் ‘மூன்றாம் டிரைமஸ்டர் பிளசென்டா, இன்ஃபார்க்ட் உள்ளது’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பேத்தாலஜிஸ்ட்டுகள் எங்கே எத்தனை துண்டு எடுப்பது, என்ன பெயர் சொல்வது என்று ஒரு பொது மொழியை உருவாக்கிவிட்டார்கள். ஏன் இது தேவை என்றால், கிரானிக் ஹிஸ்டியோசைட்டிக் இண்டர்வில்லோசைட்டிஸ் (தாயின் வெள்ளணுக்கள் பிளசென்டாவில் குவிவது) மாதிரி சில நோய்கள் அடுத்த கர்ப்பத்திலும் திரும்ப வரும். முதல் பிளசென்டாவில் கண்டுபிடித்துச் சொன்னால்தான் அடுத்த முறை கைனகாலஜிஸ்ட் முன்கூட்டியே உஷாராவார். இரண்டு குழந்தையை இழந்த தாயிடம் ‘உன் மேல் தப்பில்லை’ என்று சொல்வதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். எண்டோமெட்ரியத்தில் காசநோய் இருக்கிறது பாருங்கள், அதுவும் நம் ஊர்ப் பாடம். காசநோயைக் காட்டிக்கொடுக்கும் செல் திரளான கிரானுலோமா உருவாக நாளாகும், மாதாமாதம் சவ்வு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே பீரியட்ஸ் வருவதற்குச் சற்று முன்பு எடுத்த பயாப்சியில்தான் பிடிபட வாய்ப்பு அதிகம். எட்டாம் நாள் எடுத்து அனுப்பிவிட்டு ‘டி.பி. இல்லையாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் தைரியம் வரவில்லை.

ஆகவே எந்த இடத்துக்கு எழுதினாலும் பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கே இப்போது ஃபெலோவாக இருப்பவரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். ஸ்லைடை முதலில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது யார், நீங்களா கன்சல்ட்டன்ட்டா என்று கேளுங்கள். நீங்கள் எழுதி, அவர் அடித்துத் திருத்தினால்தான் படிப்பு. பல தலை மைக்ரோஸ்கோப்பில் எட்டாவது ஆளாக உட்கார்ந்து தலையாட்டினால் அது சினிமா. ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசனுக்கு தியேட்டரிலிருந்து போன் வரும்போது எடுப்பது யார் என்றும் கேளுங்கள். புற்றுநோய் டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் டியூமர் போர்டில் ஃபெலோ பேசலாமா, வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து இரண்டாவது கருத்துக்கு வரும் ஸ்லைடுகள் ஃபெலோவின் கைக்கு வருமா? இதற்கெல்லாம் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கணவர் சொல்லும் காசு விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை. ரத்தப் பரிசோதனை லேபில் வரும் வருமானம் ஸ்லைடில் வராது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லையே. உங்கள் ஊரில் நாலு கைனகாலஜிஸ்ட் ‘யூட்ரஸ் என்றால் அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பு’ என்று சொல்ல ஆரம்பித்தால், லேப் வைப்பதும் சுலபம். அதற்கு மேல் இதில் பணக்கணக்கு சொல்ல நான் ஆளில்லை.

வேலை இருக்குமா என்றும் யோசிக்க வேண்டாம். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது என்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீடு. பக்கத்திலிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள், ஒரே ஒரு முறை. அந்தப் பெண்களிடம் இந்த நோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட்டில் வந்தது. நர்ஸ் வெளுத்த இடத்தைக் கண்டுபிடிப்பார், டாக்டர் கிள்ளி எடுப்பார். 55 வயதுப் பெண்ணின் அந்தக் கிள்ளலில் இருப்பது ஹை-கிரேடு புண்ணா, மாதவிடாய் நின்றபின் சவ்வு மெலிந்ததால் வந்த வெறும் தோற்றமா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் துறையின் பாட்டில்களைச் சரிபாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த யூட்ரஸ் ஒன்று திங்கட்கிழமை என்னிடம் வந்தது. திறக்காமல், குறுகிய வாய் ஜாடியில் அமுக்கி, ஃபார்மலினுக்குப் பதில் சலைனில் (உப்பு நீரில்). உள்சவ்வு கூழாகியிருந்தது. கேன்சர் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. என்ன வகை, என்ன கிரேடு, ஒன்றும் சொல்ல முடியவில்லை. மார்பகத்தில் இது இன்னும் கொடுமை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணிக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கோட்டைவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் நெகட்டிவ் என்று பொய்யாக வரலாம். மலிவான டமாக்சிஃபன் மாத்திரையில் பலன் பெற வேண்டிய பெண்ணுக்கு அது கிடைக்காமலே போகும். நீங்கள் எவ்வளவு பெரிய ஃபெலோஷிப் முடித்து வந்து மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தாலும் கெட்டுப்போன திசு பேசாது. தியேட்டர் சிஸ்டரிடமும் அட்டெண்டரிடமும் சிநேகமாக இருங்கள். யூட்ரஸ் வந்ததும் பக்கவாட்டில் திறந்து ஃபார்மலினில் விடச் சொல்லி ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் பத்தியிலேயே அவள் வயதை எழுதியிருக்கிறீர்கள். நான் போகும்போது என் மகனுக்கு நாலு வயது. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டான். இன்று கேட்டால் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்றுதான் சொல்வேன். மும்பை என்றால் உங்களால் முடியும்.

இந்த வாரமே உங்கள் துறை ரிஜிஸ்டரை எடுத்துப் போன வருடம் வந்த யூட்ரஸ், ஓவரி, மார்பகம், பிளசென்டா எத்தனை, அதில் வெளியே அனுப்பிக் கருத்துக் கேட்டது எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் வையுங்கள். நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்து வர வாய்ப்பு உண்டு.